நகராட்சியின் விருந்தாளிப் பூனை

மங்லார் துறைமுகத்து நகராட்சி பூனைகளுக்காக ஒரு வீடு கட்டியது. வீடு என்று சொன்னால் இன்ஜினியர் வெல்லிங்டன் சம்ப்ரானோவுக்கு முகம் சுருங்கிவிடும். 'பூனையினத்தோர் கண்ணியத் தங்குமிடம் மற்றும் உள்ளமைதி மையம்' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். அதற்குக் கீழே இயக்குநர் என்று அவருடைய பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில். அவர் பாலம், ரோடு எதுவும் கட்டியவரல்ல. வணிக நிர்வாகம் படித்தவர். ஆனால் ஈக்வடாரின் எங்கள் கடற்கரையில் நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் இன்ஜினியர்தான். நின்றுகொண்டு வேலை செய்பவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கட்டடம் முடிந்தது. வர்ணம் அடித்து, சுவரில் சிரிக்கும் பூனைகளின் படம் வரைந்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. கட்டுவதற்கு உதவிய ஹாலந்துச் சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் வரப்போவதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் யாரோ கவனித்தார்கள், உள்ளே ஒரு பூனைகூட இல்லை.

உடனே வண்டி கிளம்பியது. தெருப்பூனைகளைப் பிடித்து வரும்படி உத்தரவு. தெருப்பூனை என்றால் நகராட்சி வண்டியைக் கண்டதும் ஓடத் தெரிந்த பூனை என்று அர்த்தம். அதனால்தான் அது இத்தனை காலம் தெருவில் உயிரோடு இருக்கிறது. மீன் சந்தைப் பூனைகள் கூரை மேல் ஏறிக்கொண்டன. படகுத்துறைப் பூனைகள் கவிழ்த்துப்போட்ட படகுகளுக்கடியில் மறைந்தன. கடைசியில் பிடிபட்டதெல்லாம் மனிதர்களை நம்பி வாசற்படியில் மல்லாந்து படுத்திருந்த வீட்டுப் பூனைகள்.

அதில் ஒன்றுதான் உல்பியோ செதேன்யோவின் வீட்டுப் பொலோன். பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்துப் பிடிக்கிற காலைப் பலகார உருண்டைக்கு எங்களூரில் பொலோன் என்று பேர். அந்தப் பூனைக்கும் அதே உருவம், அதே நிறம். ஊழியர்கள் கூண்டுக்குள் சூரைமீனை வைத்ததும் அது தானாகவே நடந்துபோய் உட்கார்ந்து, கதவைச் சாத்தியதுகூடத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

உல்பியோ படகு மோட்டார் பழுது பார்ப்பவர். எந்த மேஜையைப் பார்த்தாலும் தொப்பியைக் கழற்றிவிடுகிற சுபாவம். அவர் மனைவி நார்சிசா சந்தையில் மீன் சூப்புக் கடை வைத்திருந்தாள். அவள் பேச்சு, ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

"யோவ் கிழவா, பூனை எங்க?"

"நகராட்சி எடுத்துட்டுப் போயிருச்சாம். தெருப்பூனைன்னு நெனச்சு."

"அது உடம்பு தெருவுல வளந்த உடம்பு மாதிரியா இருக்கு? இந்த ஊருல மேயரத் தவிர அவ்வளவு கொழுத்தது வேற எது இருக்கு? போய்யா, போயி தூக்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை புள்ள கூப்புடுவா."

புள்ள என்றது அவர்களுடைய ஒரே மகள் யெசேனியா. ஸ்பெயினில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கண் திறக்காத குட்டியாகப் பொலோனைக் குப்பைத்தொட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து வந்து, சொட்டு மருந்துக் குழாயில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அம்மாவிடம் உடம்பு விசாரிப்பாள், அப்பாவிடம் வேலை விசாரிப்பாள், பிறகு "பொலோனக் காட்டுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். போனைப் பூனையின் முகத்துக்கு நேரே பிடித்தபடி உல்பியோ கை வலிக்க நிற்பார்.

மறுநாள் காலை உல்பியோ மையத்துக்குப் போனார். இயக்குநரின் அறை வெளியில் இருந்த வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் குளுகுளுவென்று இருந்தது. தடித்த திரை, தோல் நாற்காலி, கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் கேட்காத அமைதி. சம்ப்ரானோ அன்பாகவே பேசினார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். பிடிச்சுட்டுப் போனீங்கன்னு சொல்லாதீங்க. நாங்க யாரையும் பிடிக்கறதில்ல, வரவேற்கறோம். உங்க பூனை இங்க விருந்தாளி."

"அப்ப விருந்தாளிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாங்களா சார்?"

"தாராளமா. அவர் இஷ்டப்பட்டா எப்ப வேணா போகலாம்."

"கூண்டு பூட்டியிருக்காமே சார்."

"அது அவரோட பாதுகாப்புக்கு." சம்ப்ரானோ ஒரு கையேட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "பாருங்க, இங்க இருக்கற வசதியவிடக் கொறஞ்ச எடத்துக்கு ஒரு விருந்தாளிய அனுப்பிட்டேன்னா நாளைக்கு வரலாறு என்னையத்தான் கேக்கும். உங்க வீட்ட சோதனை பண்ணுவோம். தகுதி இருந்தா நீங்க அவரத் தத்தெடுத்துக்கலாம்."

"என் பூனையவே நான் தத்தெடுக்கணுமா சார்?"

"எவ்வளவு அழகான விஷயம் பாத்தீங்களா" என்றார் சம்ப்ரானோ.

கையேடு ஹாலந்துக்காரர்கள் அனுப்பியது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பூனைக்கு ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும், ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை வேண்டும், சாப்பாட்டுத் தட்டும் மண்தட்டும் தள்ளித் தள்ளி இருக்கவேண்டும், நாய் கண்ணிலேயே படக்கூடாது, சத்தம் கூடாது என்று குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். சம்ப்ரானோ அதை வரிவரியாகப் படித்திருந்தார். அதுதான் ஆச்சரியம்.

அவர் உல்பியோவைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார். எஃகுக் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டும் மண்தட்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. எதிரே கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நகராட்சியின் நாய்ப்பட்டி. அத்தனை நாய்களும் வேலியில் முன்னங்காலை வைத்துக் குரைத்துக்கொண்டிருந்தன.

"எதுக்கால நாய் இருக்கே சார்."

"அது வேணும்னே வெச்சது. பூனைக்கும் பொழுது போகணுமில்ல."

"ஒளியறதுக்கு எடம்…"

"வாங்கியாச்சு" என்று சம்ப்ரானோ சாமான் அறையைத் திறந்துவிட்டார். பளபளக்கும் மரப்பெட்டிகள் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அடுக்கியிருந்தன. "இத்தாலி பைன் மரம். தொட்டுப் பாருங்க. இல்ல, வேண்டாம், கை படவேண்டாம்."

"பூனைக்குக் குடுக்கலையா சார்?"

"குடுத்தா நகம் பட்டுக் கீறலாயிருமே. அதோட அதுங்க உள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சுன்னா ஹாலந்து அம்மா வந்து எதைப் பாப்பாங்க, பெட்டியவா?"

பொலோன் கீழ்வரிசையில் கடைசிக் கூண்டில் இருந்தது. மண்தட்டுக்கும் சுவருக்கும் நடுவே அந்தப் பெரிய உடம்பைத் திணித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. உல்பியோ நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். வழக்கமாக அந்தச் சத்தத்துக்குத் தெருக்கோடியிலிருந்து ஓடிவருகிற பூனை காதைக்கூட அசைக்கவில்லை. தட்டில் வைத்த மீன் வைத்தபடியே காய்ந்திருந்தது.

"பாத்தீங்களா" என்றார் சம்ப்ரானோ குரலைத் தாழ்த்தி. "தியானத்துல இருக்கார்."

உல்பியோ தொப்பியைத் தலையில் வைக்க மறந்து, கையில் பிடித்தபடியே வெயிலில் வீடு வரைக்கும் நடந்தார்.

வீட்டைச் சோதிக்கத் துணை இன்ஜினியர் க்ளெமென்சியா வந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் சத்தத்தை அளக்கிற ஒரு கருவி. பூனை எங்கே தூங்கும் என்று கேட்டாள். குளிர்பெட்டி மேலே என்றார் உல்பியோ. 'உயரமான அமர்விடம் உள்ளது' என்று எழுதிக்கொண்டாள். பயந்தால் எங்கே போகும் என்று கேட்டாள். மூலையில் இருந்த பழைய மோட்டார்ப் பெட்டியைக் காட்டினார்.

"இதை யாரு வடிவமைச்சது?"

"மோட்டார் வந்த பெட்டிம்மா."

"சான்று இருக்கா?"

"மோட்டாருக்கு இருந்துச்சு."

மண்தட்டுக்குப் பதில் கொல்லையில் கொய்யா மரத்தடி மணல். அதையும் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டாள். வாசலுக்கு ஒரே கதவு இருப்பது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கதவைத் திறக்கும்போது பூனை ஓடிப்போகாமலிருக்க இன்னொரு கதவு வேண்டும் என்றாள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பூனை ஓடிப்போனதில்லை, நகராட்சி வந்த அன்றைக்குத் தவிர, என்று உல்பியோ மெல்லச் சொன்னார். "அப்ப ஓடியிருக்கு இல்ல" என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நார்சிசா சூப்புப் பானையோடு உள்ளே வந்தாள்.

"யாரு இந்தப் பொண்ணு? என் அலமாரிய எதுக்கு அளக்குது?"

கருவியின் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது. க்ளெமென்சியா அதை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் சாதாரணமாப் பேசுங்க. அளவெடுக்கணும்."

"சாதாரணமாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்."

முள் கோட்டைவிட்டு நகரவில்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது. இரண்டாவது கதவு பொருத்தவேண்டும். மேலும், 'வீட்டில் நிரந்தரமான ஒலி மூலம் ஒன்று உள்ளது. அதை அப்புறப்படுத்தவேண்டும் அல்லது தகுந்த உறையிட்டு மூடவேண்டும்.' உல்பியோ அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கிறவள் நார்சிசா.

"உறையா? என்னைய என்ன தலகாணின்னு நெனச்சாளா?" என்று தொடங்கியவள், திடீரென்று நிறுத்தி, பூனையின் காலித் தட்டைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் கிசுகிசுவென்றுதான் பேசினாள். அவள் கிசுகிசுத்தால் பக்கத்து வீட்டில் மட்டும் கேட்கும். உல்பியோ பழைய படகுப் பலகைகளை வைத்து முன்கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு போட்டார். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். முதல் நாளே நார்சிசா பானையோடு நடுவில் மாட்டிக்கொண்டாள். தெருக்காரர்கள் உல்பியோவுக்கு ஏதோ புதையல் கிடைத்துவிட்டதாகவும் திருடனுக்குப் பயந்து கதவு போடுவதாகவும் பேசிக்கொண்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை யெசேனியா கேட்டபோது, பூனை தூங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தார்கள். அடுத்த ஞாயிறு, எதிர்வீட்டுக்காரரின் பூனையை இரவல் வாங்கி, முகத்தை மறைத்து முதுகை மட்டும் காட்டினார்கள்.

"அம்மா, பொலோன் வால்ல ஏது வெள்ளை?"

"வயசாகுதுல்ல, நரைச்சுப்போச்சு" என்று கிசுகிசுத்தாள் நார்சிசா.

"நீ ஏன்மா மெதுவாப் பேசற? உடம்பு சரியில்லையா? அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு?" மகள் அழுகிற குரலில் கேட்கத் தொடங்கிவிட்டாள். பூனை போனதைவிட, அம்மா மெதுவாகப் பேசுவதுதான் அவளைக் கலவரப்படுத்தியது. 

மையத்தில் விலங்குகளைப் பற்றிப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் மரியுக்சி, மிருக வைத்தியர், தற்காலிக வேலை. நாற்காலி ஒதுக்கப்படாததால் அவளை யாரும் இன்ஜினியர் என்றும் கூப்பிடுவதில்லை, டாக்டர் என்றும் கூப்பிடுவதில்லை. கூட்டங்களுக்கும் அழைப்பதில்லை. அங்கே பூனைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள், உனக்கு எதற்கு சிரமம் என்று சொல்லிவிட்டார்களாம். உல்பியோ தினமும் வேலைக்குப் போகும் வழியில் பின்பக்க வேலியருகே நின்று பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள். ஒருநாள் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த உருண்டைப் பூனை உங்களுதா? வந்ததுலேருந்து தானாச் சாப்பிடவே இல்ல."

"பிடிவாதக்காரன்மா அவன்."

"பிடிவாதமில்லண்ணே, பயம். நாய் கொரைக்குது, ஒளிய எடமில்ல, மூஞ்சிக்கிட்டயே மண்தட்டு நாறுது. எப்படிச் சாப்பிடும்? நான்தான் குழாயில கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டிருக்கேன், அது பத்தாது. குண்டுப் பூனை இப்படிப் பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுப்போயிரும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் நிக்காது."

உல்பியோ சாமான் அறைப் பக்கம் கை காட்டினார். "பெட்டி இருக்கேம்மா உள்ள. இத்தாலிப் பெட்டி."

"சாவி இன்ஜினியர்ட்ட இருக்கு. அவரு பேச்சுப் பயிற்சிக்குத் தலைநகரம் கீட்டோவுக்குப் போயிருக்காரு. வெறும் அட்டைப்பெட்டியாவது குடுங்கன்னு கேட்டேன். அட்டை எந்தத் துறைக்குக் கீழ வருதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்காங்க."

இருவரும் ஒரே நேரத்தில் துறைமுகப் பக்கம் திரும்பினார்கள். உலகத்துக்கே வாழைப்பழம் ஏற்றுகிற ஊர். மடங்கியது, கிழிந்தது, ஓரம் நசுங்கியது என்று தள்ளிவிட்ட அட்டைப்பெட்டிகள் கப்பல்துறைச் சுவரோரம் மலைபோலக் குவிந்து கிடந்தன. பழத்துக்குக் காற்றுப் போக இரண்டு பக்கமும் கை நுழைகிற ஓட்டை போட்ட பெட்டி. பூனைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

உல்பியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் வாசல் வெட்டி, தான் போட்டிருந்த எண்ணெய் நாறும் சட்டையைக் கழற்றி உள்ளே விரித்து, பனியனோடு கொண்டுவந்து கொடுத்தார். மரியுக்சி அதைக் கூண்டுக்குள் வைத்ததும் பொலோன் தலையைத் திருப்பியது. முகர்ந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியே ஒரு மஞ்சள் கண் மட்டும் தெரிந்தது. மறுநாள் காலை தட்டு நக்கித் துடைத்தாற்போல இருந்தது. மரியுக்சி அந்தத் தட்டை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். உல்பியோ அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மற்றப் பூனைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தள்ளுவண்டி நிறையப் பெட்டி கொண்டுவந்தார். மரியுக்சி கூண்டுகளை மேலும் கீழும் இடம் மாற்றி, மண்தட்டுகளை ஒரு கோடிக்குத் தள்ளி, நாய்கள் தெரியாதபடி சணல் சாக்குகளைத் திரையாகக் கட்டினாள். பெட்டி மேலேயே ஏறி உட்காரலாம் என்று சில பூனைகள் தாமாகவே கண்டுபிடித்தன. கூடத்தில் முதன்முறையாகச் சத்தம் அடங்கியது. பூனைகள் மெல்லுகிற ஒலி கேட்டது.

விழா நாள் காலையில் சம்ப்ரானோ வெள்ளை உடையில், புதிய பேச்சோடு வந்து இறங்கினார். கூடத்துக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பூனைங்க எங்க?"

"உள்ள இருக்காங்க சார்" என்றாள் மரியுக்சி.

"நான் கட்டுனது மையமா, வாழைப்பழக் கெடங்கா? இந்தச் சாக்கு யாரு வெச்சது? எல்லாத்தையும் எடுங்க. இப்பவே எடுங்க."

அதற்குள் வெளியே பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது. ஹாலந்து அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம்.

சம்ப்ரானோ மேடையேறினார். கயிறு கட்டிய எல்லைக்கு அந்தப்பக்கம் ஊர் நின்றது. உல்பியோவும் நார்சிசாவும் முன்வரிசையில் இருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் அவர்களைப் போலவே வீட்டுச் சோதனையில் தோற்றவர்கள்.

"சகோதர சகோதரிகளே" என்று தொடங்கினார் சம்ப்ரானோ. "பூனைகளுக்காக நான் செய்த தியாகங்களைச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. என் அறைக்கு இரண்டு குளிர்சாதன இயந்திரங்கள் தருவதாகச் சொன்னார்கள். ஒன்று போதும், இன்னொன்றை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பூனைகளின்மேல் எனக்கிருக்கும் மரியாதையால் இன்றுவரை ஒரு பூனையைக்கூட நான் தொட்டதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டால்தான் குழப்பம் வரும். இங்கே வருவதற்கு முன் இவர்கள் யாருடைய பூனைகள் என்று எவரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை."

பலத்த கைதட்டல். மேயர்தான் முதலில் தட்டினார்.

ஹாலந்து அம்மாள் பெயர் ஆன்னெலீஸ். நெட்டையான, நரைத்த பெண்மணி. மேடையில் போட்ட நாற்காலியில் உட்காராமல் நேரே கூடத்துக்குள் போய்விட்டாள். பெட்டி வரிசையைப் பார்த்தாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் முட்டிபோட்டு, கீழ்வரிசை ஓட்டை ஒன்றில் எட்டிப் பார்த்தாள். அடுத்ததில் பார்த்தாள். சம்ப்ரானோவின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"எத்தனையோ ஊர் பாத்துட்டேன்" என்றாள் அவள், தன் உடைந்த ஸ்பானிஷில். "எல்லாரும் பூனைய எங்களுக்குக் காட்டத்தான் பாப்பாங்க. இங்கதான் ஒளிய விட்டிருக்கீங்க. யார் யோசனை இது?"

சம்ப்ரானோ ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "நானேதாங்க. ரொம்ப நாள் யோசிச்சு செஞ்சது."

"ஏன் வாழைப்பழப் பெட்டி?"

"அது நம்ம மண்ணோட அடையாளம்."

மரியுக்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆன்னெலீஸுக்கு ஒரு பூனை தத்துப்போவதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. சம்ப்ரானோ கயிற்றுக்கு அந்தப்பக்கம் கண்ணை ஓட்டி, தொப்பியைக் கையில் வைத்திருந்த உல்பியோவைக் கண்டுபிடித்தார். இருவரையும் உள்ளே கூப்பிட்டு, காதோரம் சொன்னார்: "உங்க பூனையவே தர்றேன். முன்னப்பின்ன பாக்காத மாதிரி வாங்கிக்கணும். உங்க சம்சாரம் வாயே தொறக்கக் கூடாது."

பொலோனைப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அது உல்பியோவின் குரலைக் கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, அவர் கட்டைவிரலைக் கடித்தது. அது அவர்கள் வீட்டு முத்தம். ஆன்னெலீஸ் நார்சிசாவிடம் குனிந்து கேட்டாள்:

"இத்தனை பூனையில இதை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

நார்சிசா வாரக்கணக்காகக் கிசுகிசுத்தே தொண்டை கட்டிப்போயிருந்தாள். உல்பியோ அவள் கையைப் பிடித்தார். பிடித்துப் பயனில்லை.

"தேர்ந்தெடுக்கறதா? இது எங்க பூனைம்மா. என் மக சொட்டுக்குழாயில பால் குடுத்து வளத்தது. வாசல்ல படுத்திருந்ததத் தூக்கிட்டு வந்து பூட்டி வெச்சுக்கிட்டு, என்னைய உறை போட்டு மூடுன்னு சொல்றாங்க."

ஒலிபெருக்கி அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் படகுத்துறை வரைக்கும் கேட்டது. ஒரு கணம் பேண்டுக்காரர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒருத்தன், "அந்தக் கறுப்பு எங்க மருந்துக் கடையோடது" என்றான். "ஒத்தக் காது என்னுது" என்றாள் ஒருத்தி. கயிறு எங்கே அறுந்ததென்று தெரியவில்லை. ஊரே உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொருவரும் ஓட்டை ஓட்டையாகக் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பதில் வந்தது.

சம்ப்ரானோ வெளிறிப்போய் நின்றார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"அன்பர்களே, கண்ணால் பாருங்கள். மக்கள் போட்டி போட்டுக்கொண்டு தத்தெடுக்கிறார்கள். ஒரே நாளில் அத்தனை விருந்தினர்களுக்கும் இல்லம் கிடைத்துவிட்டது. இப்படி ஒரு சாதனை இந்தக் கண்டத்திலேயே நடந்ததில்லை."

மேயர் கைதட்டினார். மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்தது. தலைநகரில் அவருக்கு ஒரு பதக்கம் அறிவித்தார்கள். ஆன்னெலீஸ் மட்டும் காலியான கூடத்தில் மரியுக்சியோடு நெடுநேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். புறப்படும் முன், எந்தப் பூனை எங்கே தங்கவேண்டும் என்பதில் இனி வைத்தியர் சொல்வதே முடிவு என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். புகைப்படக்காரர் தயாராக இருந்ததால் சம்ப்ரானோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

அந்த ஞாயிறு யெசேனியா பொலோனோடு ஒரு மணி நேரம் பேசினாள். அம்மாவின் சத்தம் திரும்பி வந்ததில் அவளுக்கு அதைவிட சந்தோஷம்.

சம்ப்ரானோ பதக்கம் வாங்கக் கீட்டோ போயிருந்தபோதுதான் மையத்துக்கு முதல் தெருப்பூனை வந்தது. யாரும் பிடித்து வரவில்லை. மீன் சந்தைச் சாம்பல்நிறப் பூனை, எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் தொங்க. கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. நாய்ப்பட்டியைப் பார்த்தது. பிறகு, துடைப்பதற்காகத் திறந்து வைத்திருந்த இயக்குநர் அறைக்குள் போய், திரைக்குப் பின்னால் நோட்டம் விட்டு, அலமாரியின் அடித்தட்டில் அவருடைய விழாக்கால மேல்கோட்டின்மேல் குட்டிபோட்டது. இருட்டு, குளிர்ச்சி, அமைதி. யாரும் வராத இடம். அந்தக் கட்டடத்தில் கையேட்டுக்கு முழுக்கப் பொருந்துகிற அறை அது ஒன்றுதான்.

மரியுக்சி அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அலமாரிக்கு ஒரு சாய்வுப் பலகை வைத்துத் தரும்படி உல்பியோவைக் கூப்பிட்டிருந்தாள். அவர் பலகையை இழைத்துக்கொண்டிருந்தபோது சம்ப்ரானோ மார்பில் பதக்கத்தோடு வந்தார்.

"என் ரூம் ஏன் பூட்டியிருக்கு?"

"இப்ப பிரசவ அறை சார். தாய்ப்பூனைய நகத்தக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"குட்டிங்க பால் மறக்கறவரைக்கும்."

"அதுவரைக்கும் நான் எங்க உக்கார்றது?"

"கூடம் காலியாத்தானே சார் இருக்கு. நல்ல வெளிச்சம்."

மேஜையைக் கூடத்தில் போட்டார்கள். கதவு இல்லை, திரை இல்லை, எதிரே நாய்கள். அவர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு இன்ஜினியர் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பது புதுமையாக இருந்தது. ஒருத்தர் வந்து தண்ணீர்க் குழாய் பற்றிக் கேட்டார். இன்னொருத்தி தெருவிளக்கு பற்றிக் கேட்டாள். அது என் துறையில்லை, நான் பூனைகள்தான் என்று அவர் சொல்லச் சொல்ல, பின்னால் வரிசை வளர்ந்தது. நாய்கள் ஓயாமல் குரைத்தன. நடுப்பகலுக்குள் அவர் நாற்காலி காலியாகிவிட்டது.

உல்பியோ சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வாசலில் இரண்டாவது கதவைக் கழற்றி அடுப்புக்கு விறகாக்கியிருந்தாள் நார்சிசா.

"என்னய்யா, எங்க உன் இன்ஜினியரு?"

"கார்ல இருக்காரு. பாதாம் மரத்துக்குக் கீழ நிறுத்தி, கண்ணாடிய எல்லாம் ஏத்தி விட்டுக்கிட்டு, பின்சீட்டுல குனிஞ்சு உக்காந்திருக்காரு. யாரோ மூணு பேரு கண்ணாடிய எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க."

நார்சிசா கரண்டியைப் பானையில் போட்டபடி நின்றாள்.

"சாப்பிட்டாரா?"

"எங்க சாப்பிட்டாரு. அவரு பொண்டாட்டி அனுப்புன டப்பா காலையிலேருந்து மேஜையிலயே கெடக்கு."

அவள் ஒரு தூக்கில் சூப்பை ஊற்றினாள். நல்ல மீன்துண்டாகப் பார்த்து இரண்டு போட்டாள். வெங்காயம் அள்ளிப் போட்டு மூடி, உல்பியோவிடம் நீட்டினாள்.

"கொண்டு போயி குடு. கண்ணாடியத் தட்டாத, பேரு சொல்லிக் கூப்புடாத. கிட்டக்க வெச்சுட்டு, அந்தப்பக்கமா பாத்துக்கிட்டுத் தள்ளி நில்லு."